மானுவெரா வீட்டுப் புகை

ஆள் இல்லாத வீட்டுப் புகைபோக்கியில் புகை வந்தால் சிலர் பேய் என்பார்கள். நான் ஆள் என்பேன். பேய்க்கு விறகு பிளக்கத் தெரியாது.

வியாழக்கிழமை காலை, மழை விட்ட இடைவெளியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் கொடிக்கு நேர் எதிரே, பைன் மரங்களுக்குப் பின்னால் மேட்டில் இருக்கிறது மானுவெரா ராப்பிஹானாவின் வீடு. மானுவெரா பெண்டாட்டி பிள்ளைகளோடு சுரங்க வேலைக்கென்று ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போய் முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. சாலையிலிருந்து பார்த்தால் அந்த வீடு தெரியாது. எங்கள் கொல்லையிலிருந்து மட்டும் புகைபோக்கியின் தலை தெரியும். அந்தத் தலைக்கு மேலே நீலமாகப் புகை போய்க்கொண்டிருந்தது. காய்ந்த மானுக்கா விறகு எரிந்தால்தான் அந்த நிறம் வரும். கையிலிருந்த தலையணை உறை சேற்றில் விழுந்தது.

புகைக்கு இத்தனை பதற்றமா என்று கேட்பவர்கள் எங்கள் ஊர்க்காரர்களாக இருக்க முடியாது. இந்தக் கழிமுகத்தின் வடகரையில் பத்திரத்தைவிட அடுப்புக்குத்தான் மதிப்பு. யாருடைய நெருப்பு எரிகிறதோ அவருடைய மண். காயிங்கா என்ற எங்கள் சொல்லே அப்படித்தான் பிறந்தது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ‘கா’ என்றால் எரிவது. எரிகிற இடம் காயிங்கா. அதாவது வீடு, ஊர். நெருப்பு அணைந்தால் வீடும் போயிற்று. எங்கள் நில டிரஸ்டும் அதை எழுதியே வைத்திருக்கிறது: முப்பது வருஷம் அடுப்பு எரியாத மனை பொதுவுக்குத் திரும்பும், தேவைப்பட்டவருக்குக் கூட்டம் கூடிக் கொடுக்கலாம்.

தேவைப்பட்டவள் என் தங்கை கஹு. அம்மா போனபிறகு நான் வளர்த்தவள். புருஷனோடு ஒத்துப்போகாமல் இரண்டு பிள்ளைகளோடு போன மார்ச்சில் ஊருக்குத் திரும்பி வந்தாள். அன்று முதல் எங்கள் கொல்லையில் நிற்கும் பழைய கேரவனில்தான் இருக்கிறாள். கீழே மீதமிருக்கும் மனையெல்லாம் வெள்ளம் ஏறும் மனை. சின்னவனுக்கு மூச்சு விட்டால் விசில் சத்தம் கேட்கிறது. மானுவெரா வீடு கிடைத்தால் இருப்பாள். கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் பிரிஸ்பேனுக்குக் கிளம்பிவிடுவாள். டிக்கெட்டுக்குச் சொல்லிவைத்தாகிவிட்டது. சனிக்கிழமை டிரஸ்ட் கூட்டம். இரண்டு நாள் இருக்கும்போது செத்த அடுப்பில் புகை.

யார் என்று நான் அதிக நேரம் யோசிக்கவில்லை. முந்தின நாள்தான் மெரெயானா என்ற பெண் படகில் வந்து இறங்கியிருந்தாள். வெலிங்டனில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாளாம். மராய் என்று நாங்கள் சொல்லும் ஊர்ப் பொது மண்டபத்தில் தங்க இடம் கேட்டாள். தன் மலை எது, ஆறு எது, எந்தத் தோணியில் வந்த வம்சம் என்று பூர்வீகத்தை ஒரு தடங்கல் இல்லாமல் சொன்னாள். அத்தனை ஒழுங்காகச் சொன்னதே எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு மண்டபத்துச் சமையலறையில் என் பக்கத்தில் வந்து நின்றாள். அந்தச் சமையலறை இருபது வருஷமாக என் பொறுப்பு.

“ஆன்ட்டி, காயிங்காங்கற வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சுன்னு உங்க வீட்டுல என்ன சொல்லுவாங்க?”

“எங்கம்மா வாயிலேர்ந்து வந்துச்சு. அவளுக்கு அவங்கம்மா வாயிலேர்ந்து.”

“அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடி தோணி. வெங்காயத்த உரி.”

ஒரு சொல்லுக்கு வம்சம் தேடி ஜூலை மாதக் குளிர்காலச் சேற்றில் யாராவது வருவார்களா? இந்த ஊரில் வம்சம் கேட்டு வருகிறவர்கள் எல்லாம் கடைசியில் மனை கேட்டுத்தான் வருவார்கள். இப்போது, துணிக்கூடையை எடுத்துக்கொண்டு திரும்பும்போது பார்க்கிறேன், அதே பெண் மேட்டுப் பாதையிலிருந்து இறங்கி வருகிறாள். முழங்கால்வரை சேறு. கையில் கேமரா. என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

“இந்நேரத்துக்கு எங்கம்மா போயிட்டு வர்ற?”

“சும்மா... நடந்துட்டு வந்தேன் ஆன்ட்டி.”

நெருப்பில்லாமல் புகையாது. மத்தியானத்துக்குள் ஊரில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்: மானுவெராவின் பிள்ளைகள் கூட்டத்துக்கு முன்னால் அடுப்பை ஏற்றிப் படம் பிடிக்க ஆள் அனுப்பியிருக்கிறார்கள், சொல் ஆராய்ச்சி எல்லாம் வெறும் சாக்கு.

டிரஸ்ட் தலைவர் நாடானா மாமா மட்டும் தாடையைச் சொறிந்தார். “ஆதாரம் இருக்கா ஹூரியா? உனக்குத் தபால்காரன் மேலயே சந்தேகம் வரும்.”

“ஆதாரம் கொண்டு வர்றேன்.”

வெள்ளிக்கிழமை காலையில் மேட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது, பூட்டு இல்லை. உள்ளே தூசி வாசனையை எதிர்பார்த்தேன், இல்லை. தரை கூட்டியிருந்தது. ஜன்னலில் உடைந்த கண்ணாடிக்குப் பதில் பலகை அடித்திருந்தது, அதுவும் பழைய ஆணியில். முந்தாநாள் வந்த பெண் செய்கிற வேலை இல்லை இது. அடுப்பருகே குந்தினேன். சாம்பல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. ஓரத்தில் பாதி எரியாமல் கிடந்த சுள்ளியை எடுத்துப் பார்த்தேன்.

சுள்ளியைக் கத்தியால் சீவியிருந்தது. ஒவ்வொரு சீவலும் அடியில் ஒட்டியபடி மேலே சுருண்டு, பூ மாதிரி விரிந்திருந்தது. சுருள் எல்லாம் இடது பக்கம் பார்த்திருந்தது.

இந்தப் பூவை எனக்குத் தெரியும். முப்பத்தெட்டு வருஷமாகக் காலையில் எழுந்ததும் என் அடுப்பில் நான் பார்ப்பது இதைத்தான். இடது கையால் இப்படிச் சீவுகிற ஆள் இந்தக் கழிமுகத்தில் ஒருவர்தான். என் புருஷன் ஹாமி.

வேலியே பயிரை மேய்கிற கதை என்று கேட்டிருக்கிறேன். அந்த வேலியோடு நான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன். சுள்ளியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். வழியெல்லாம் அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

ஹாமி படகுத்துறையில் தட்டைமீன் சுத்தம் செய்துகொண்டிருந்தான். சுள்ளியை அவன் முன்னால் மீன் பலகையில் வைத்தேன். அவன் கத்தி நின்றது.

“எத்தன வருஷமா?”

“அவன் போனதுலேர்ந்து.”

“நான் பாக்கலியே.”

“மாட்டாரிக்கி வாரத்துல ஏத்துவேன். நீதான் வருஷா வருஷம் அந்த வாரம் உங்கக்கா வீட்டுக்குப் போயிடுவியே. ஒரு நாள் ஏத்துவேன். தரையக் கூட்டிப் பெருக்கிட்டு வந்துடுவேன். இந்த வருஷம் சின்னவனுக்கு நெஞ்சு சரியில்லன்னு நீ போகல.”

மாட்டாரிக்கி என்கிற கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் விடியற்காலை வானத்தில் திரும்பத் தெரிகிற வாரம் எங்களுக்குப் புதுவருஷம். எல்லோரும் விருந்துக்குப் போவார்கள். என் புருஷன் யாரோ ஒருவன் வீட்டு அடுப்புக்குப் போயிருக்கிறான்.

“மானுவெரா கேட்டுக்கிட்டானா?”

“இல்ல.”

“நீ வாக்குக் குடுத்தியா?”

“இல்ல.” மீனைத் திருப்பிப் போட்டான். “போற அன்னிக்கு அடுப்புல கங்கு இருந்துச்சு. தண்ணி ஊத்த வாளியத் தூக்கினான். அவன் கையப் புடிச்சேன். அவ்வளவுதான். அவனும் ஒண்ணும் சொல்லல, நானும் ஒண்ணும் சொல்லல.”

“கையப் புடிச்சதுக்கா முப்பத்தஞ்சு வருஷம்?”

“பெரியம்மா மகன், ஹூரியா.”

“கஹு யாரு? அவ எனக்குத் தங்கச்சி மட்டுமா, மக மாதிரி. மேல அந்த அடுப்ப ஏத்திட்டுக் கீழ குழந்தைக்கு இருமல் மருந்து குடுத்தியே, உனக்கு மனசு வந்துச்சா?”

ஒரு கடற்புறா வந்து குடலைக் கொத்திக்கொண்டு போனது.

“மூணு நாள் யோசிச்சேன்,” என்றான். “ஏத்தக் கூடாதுன்னுதான் முடிவு பண்ணினேன். அப்புறம் நெனச்சேன், நாளைக்குக் கஹு பிரிஸ்பேன் போனா அவளுக்கு யாரு ஏத்துவா? இத அணைச்சுட்டு அவளுக்கு ஏத்துங்கன்னு கேக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?”

“அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?”

“வீடுன்னா என்னன்னு கேட்டுச்சு. எனக்கு வாய்ல சொல்ல வரல. வான்னு கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். யார்கிட்டயும் சொல்லாதம்மான்னேன்.”

“நீயும் சொல்லாத. நாளைக்குக் கூட்டம் முடியற வரைக்கும் வாயத் தொறக்காத. தொறந்தா நான் கஹுவோட பிரிஸ்பேன் போயிடுவேன்.”

அவன் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. நான் பார்க்காத மாதிரி திரும்பி வந்துவிட்டேன்.

சனிக்கிழமை சாப்பாட்டு மண்டபத்தில் கூட்டம். ஒரு நாற்பது பேர் இருந்தோம். கஹு முன் பெஞ்சில், சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு. மானுவெரா வீட்டைக் கேட்டு அவள் கொடுத்த மனுவை வாசித்தார்கள். யாரும் மறுக்கவில்லை. பிறகு நாடானா மாமா எழுந்தார்.

“ஒரு விஷயம் இருக்கு. வியாழக்கிழமை அந்த வீட்டுல புகை வந்ததா ஹூரியா சொன்னா. ஊருக்கே சொன்னா. ராப்பிஹானா குடும்பத்துல யாராவது ஏத்தியிருந்தா இந்த மனு நிக்காது. வெளியாள் ஏத்தியிருந்தா அது கணக்குல வராது. மெரெயானா, நீ அந்தப் பக்கம் போனியா?”

“போனேன், அங்கிள்.”

“யாரு அனுப்பினா?”

அந்தப் பெண் எழுந்து நின்றாள். அவள் கண் ஹாமி பக்கம் போகவே இல்லை. நான் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூடப் போகவில்லை.

“அத நான் சொல்ல முடியாது. சொல்ல மாட்டேன்னு சொல்லியிருக்கேன்.”

மண்டபம் முணுமுணுத்தது. பின்வரிசையில் யாரோ, “பெர்த்துலேர்ந்து செலவுக்கு வந்துச்சா கண்ணு?” என்றார்கள். சிரிப்பு.

நாடானா மாமா கையைத் தூக்கினார். “வார்த்தையோட வம்சம் தேடி வந்தேன்னு சொன்னியே. கண்டுபுடிச்சியா, இல்ல அதுவும் கதைதானா? சொல்லு, கேப்போம்.”

அவளைச் சோதிக்கத்தான் கேட்டார். அவளுக்கும் அது புரிந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, நாங்கள் மூதாதையர் பெயரைச் சொல்லும் அதே தாளத்தில் ஆரம்பித்தாள்.

“இங்க அதுக்குப் பேரு காயிங்கா. இதோட அண்ணன் தம்பிங்க தீவுத் தீவா இருக்காங்க. ஹவாயில அந்த வார்த்தை தேஞ்சு போயி மண்ணுன்னு அர்த்தம். சமோவால குடும்பம். டோங்கால நம்ம மாதிரியே காயிங்கான்னுதான் சொல்றாங்க, ஆனா அவங்களுக்கு அது சொந்தக்காரங்க. எல்லாருக்கும் மூத்தது ஒண்ணு இருந்திருக்கணும். அத யாரும் காதால கேட்டதில்ல. கேட்டதில்லங்கறதுக்கு அடையாளமா அதோட தலையில ஒரு நட்சத்திரம் போட்டுத்தான் எழுதுவோம்.”

“கேக்காததுக்கு நட்சத்திரமா?” என்றேன் நான். என் வாய் சும்மா இருக்காது. “எங்க ஊர்ல அதுக்குப் பொய்யின்னு பேரு.”

மறுபடி சிரிப்பு. அவள் கோபப்படவில்லை.

“எங்களுக்கும் அந்தச் சந்தேகம் உண்டு ஆன்ட்டி. அதனாலதான் நட்சத்திரம்.”

“அப்போ நெருப்பு?” என்றார் மாமா. “எரியற எடம்னுதானே நாங்க சொல்றோம்?”

“சிலபேர் அப்படித்தான் சொல்றாங்க. சிலபேர் சாப்பிடற எடம்னு சொல்றாங்க. எனக்கு நிச்சயமாத் தெரியாது, அங்கிள். நெருப்புக்கு என்கிட்ட ஆதாரம் இல்ல. ஆனா ஒண்ணு பாத்தேன். எந்தத் தீவுக்குப் போனாலும் அந்த வார்த்தையச் சுத்தி ஆள் இருக்கு.”

அவள் உட்காரவில்லை. தீர்ப்புக்குக் காத்திருப்பவள் மாதிரி நின்றாள். “இனி இந்த மராய்ல தங்க வேண்டாம்மா, இன்னிக்கே படகப் புடிச்சுடு,” என்றார் மாமா. அவர் குரலில் வருத்தம் இருந்தது. அவள் தலையை ஆட்டினாள். பையை எடுக்கக் குனிந்தாள்.

ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தால் போதும். வீடு கஹுவுக்கு. ஹாமி வாயைத் திறக்க மாட்டான். முப்பத்தெட்டு வருஷத்தில் என் பேச்சைத் தட்டியவன் இல்லை, அந்த ஒரு நாள் அடுப்பைத் தவிர. அவன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டவள் அவள். திருடி நான். நேற்று வந்த பெண், என் புருஷனுக்குக் கொடுத்த ஒரு சொல்லுக்காக ஊர் முன்னால் அசிங்கப்படுகிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

எழுந்து போய்ச் சுள்ளியை மாமாவின் மேஜையில் வைத்தேன்.

“இது அந்த அடுப்புல கெடந்துச்சு. சீவல் எந்தப் பக்கம் சுருளுதுன்னு பாருங்க.”

மாமா பார்த்தார். பக்கத்திலிருந்தவர் பார்த்தார். பிறகு நாற்பது தலைகளும் ஹாமி பக்கம் திரும்பின. அவன் கைகளை வெளியே எடுத்தான்.

“வருஷா வருஷம்,” என்றான்.

நாடானா மாமா வெகுநேரம் சுள்ளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அவங்கம்மாவும் இவங்கம்மாவும் அக்கா தங்கச்சி,” என்றார் கடைசியில், எல்லோருக்கும் தெரிந்ததை. “சொந்தக்காரன் ஏத்துன நெருப்பு. அது எரியுது. மானுவெரா மனை மானுவெராவுக்குத்தான்.”

கஹு எழுந்தாள். சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைக் கடந்து போனாள்.

“நல்லா வளர்த்தேக்கா,” என்றாள். அவ்வளவுதான்.

மத்தியானச் சாப்பாட்டில் மெரெயானா தட்டில் பெரிய சிப்பி வடையாகப் பார்த்து மூன்று வைத்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வேறு வழி தெரியாது. அவள் வடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்ன ஆன்ட்டி போட்டிருக்கீங்க இதுல?”

“விஷம் இல்ல. தின்னு.”

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்ததும், போனை எடுத்தேன். மானுவெராவின் மகளை முகநூலில் பிடித்து அவனுடைய எண்ணை வாங்கியிருந்தேன். ஹாமி இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவனைக் கூப்பிட்டதில்லை. காவல் காக்கிறவன் கூலி கேட்கிற மாதிரி ஆகிவிடுமாம். எனக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது.

மூன்றாவது மணியில் எடுத்தான். என் பெயரைச் சொன்னேன். ஊர் ஆள் கூப்பிட்டால் எல்லோரும் கேட்பதையே அவனும் கேட்டான்.

“யாரு செத்தா?”

“யாரும் சாகல. உன் வீட்டு அடுப்புகூடச் சாகல.”

அவன் குரல் இறுகியது.

“என்ன வேணும் உங்களுக்கு? டிரஸ்டுக்குக் கையெழுத்தா? முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு அடுப்பு எரியுதாம். யார்கிட்ட கத விடற ஹூரியா?”

“ஹாமி ஏத்துறான். நீ வாளியத் தூக்கினப்போ கையப் புடிச்சானாமே.”

“அது உலகத்துக்கே தெரிஞ்சிருக்கும். ஹாமி ஏத்தினான்னா, சுள்ளிய எப்படிச் சீவுவான் சொல்லு.”

நாடானா மாமா திருப்பிக் கொடுத்த சுள்ளி என் கோட்டுப் பையில்தான் இருந்தது. எடுத்துப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அடியில ஒட்டினபடி. பூ மாதிரி. எல்லாம் எடப்பக்கம்.

“நாங்க ரெண்டு பேரும் எட்டு வயசுல கத்துக்கிட்டது,” என்றான். “எம் புள்ளைங்ககிட்ட அங்க ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டேன். நெருப்பு அணைஞ்சு போச்சு, போய் நின்னா அசிங்கப்படுத்துவாங்கன்னு சொல்லிட்டேன். எங்கம்மா பொதச்ச எடத்தக்கூட அதுங்க பாத்ததில்ல.”

நான் கூப்பிட்ட வேலையை விடவில்லை. கஹுவைப் பற்றிச் சொன்னேன், கேரவனைச் சொன்னேன், விசில் மூச்சைச் சொன்னேன். மனையை எழுதிக் கொடுக்கச் சொல்லவில்லை, பிள்ளைகளை உள்ளே விடச் சொன்னேன்.

“இந்தக் குளிர்லயா? மேல கூட்டிட்டுப் போ. இன்னிக்கே.” உடனே நிறுத்தினான். சந்தேகம் எனக்கு மட்டும் பிறந்த குணம் இல்லை, கழிமுகத்துக்கே உள்ள குணம். “ஒரு நிமிஷம். ஹாமி வருஷத்துக்கு ஒரு நாள் ஏத்தினான். இவ தினம் ஏத்துவா.”

“மூணு வேளையும் ஏத்துவா.”

“அப்புறம் அது யாரோட நெருப்பு?”

“வந்து பாத்துட்டுச் சொல்லு,” என்றேன்.

போனை வைத்துவிட்டேன். இன்னும் ஒரு கேள்வி கேட்டால் எதையாவது ஒப்புக்கொண்டுவிடுவேனோ என்று என் மேலேயே எனக்குச் சந்தேகமாக இருந்தது.